எழுதும் மாணவனுக்கு நாணயமே முதலீடு

(மாணவர்களும் வியாபாரிகளும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

எழுத்தில் ஆர்வமுள்ள பிள்ளை ஒருவன் வீட்டில் இருந்தால் இரண்டு கேள்விகள் எழுகின்றன. "படிக்கிற வயதில் பத்திரிகை எதற்கு?" என்று தகப்பனார் கேட்கிறார். "என் எழுத்தை எத்தனை பேர் படிக்கிறார்கள்?" என்று மகன் கேட்கிறான். தகப்பனாருக்குப் பயம். மகனுக்கு ஆசை. இரண்டுமே இயல்பானவை தான். ஆனால் இரண்டு பேருமே கேட்க மறந்த மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. "இவன் எழுதுவதை நம்பலாமா?" என்பது தான் அது. இந்தக் கேள்விக்கு "நம்பலாம்" என்ற பதில் கிடைத்துவிட்டால் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் தானாகப் பதில் கிடைத்துவிடும். இன்றைய பேச்சு முழுவதும் இதைப் பற்றியது தான்.

ஒரு காலத்தில் இதழ் நடத்துவது என்றால் அச்சுக் கோர்க்க ஆள் வேண்டும். காகிதம் வேண்டும். தபால் தலை வேண்டும். கையில் காசில்லாத மாணவர்கள் கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள். ஒரே ஒரு பிரதி. அதை வாசக சாலையில் வைப்பார்கள். படித்தவர்கள் கடைசிப் பக்கத்தில் தங்கள் கருத்தை எழுதி வைப்பார்கள். இன்று உங்கள் சட்டைப் பையில் இருக்கும் செல்போன் தான் அச்சகம். அதுவே தபால் நிலையம். இரவு பத்து மணிக்கு நீங்கள் எழுதியதைப் பத்தேகால் மணிக்கு ஜித்தாவில் இருப்பவரும் படித்துவிடுகிறார். செலவு போய்விட்டது. நல்லது. பொறுப்பும் சேர்ந்து போய்விட்டதா? காகிதத்துக்குக் காசு கொடுத்த காலத்தில் ஒரு வரியை அச்சேற்றும் முன் நான்கு முறை யோசித்தார்கள். காசு இல்லாத இன்று யோசிக்கவே வேண்டாம் என்று ஆகிவிட்டதா? சிந்தித்துப் பாருங்கள்.

பதினைந்து வயதில் ஓர் ஆசிரியர்

மௌலானா அபுல் கலாம் ஆசாத் அவர்களைச் சுதந்திர இந்தியாவின் முதல் கல்வி அமைச்சராக நீங்கள் அறிவீர்கள். அவர் பிறந்த நவம்பர் 11-ஆம் தேதி 2008 முதல் தேசியக் கல்வி நாளாகக் கொண்டாடப்படுகிறது. பள்ளிக்கூடங்களில் பேச்சுப் போட்டி நடக்கிறது. பரிசு கொடுக்கிறார்கள். ஆனால் மாணவராக இருந்த காலத்திலேயே அவர் பத்திரிகை ஆசிரியராகவும் இருந்தார் என்ற செய்தி நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் 1888-ல் மக்காவில் பிறந்தார். சிறு வயதிலேயே குடும்பம் கல்கத்தாவுக்கு வந்துவிட்டது. தகப்பனார் மௌலானா கைருத்தீன் பெரிய ஆலிம். ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் அவருக்கு நம்பிக்கை இல்லை. ஆகவே மகனுக்கு வீட்டிலேயே பாடம். முதலில் தகப்பனாரே கற்றுக் கொடுத்தார். பிறகு ஒவ்வொரு கலைக்கும் தேர்ந்த ஆசிரியர்கள் வீட்டுக்கே வந்தார்கள். அரபி, பார்சி, தத்துவம், தர்க்கம், கணிதம் என்று காலை முதல் மாலை வரை கிதாபுகள்.

இந்தப் பாடங்களுக்கு நடுவே 1899-ல், ஏறக்குறையப் பதினோரு வயதில், 'நைரங்கே ஆலம்' என்ற கவிதை இதழை அவர் வெளியிட்டார். சில மாதங்களில் அது நின்றுவிட்டது. அடுத்து 'அல் மிஸ்பாஹ்' என்ற வார இதழ். அதுவும் நீடிக்கவில்லை. 1903 நவம்பரில், பதினைந்து வயது நிரம்பிய சில நாட்களில், 'லிஸானுஸ் ஸித்க்' என்ற மாத இதழைத் தொடங்கினார். உண்மையின் நாவு என்று பொருள்.

கவனியுங்கள்! இரண்டு இதழ்கள் நின்று போன பிறகு மூன்றாவது. நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? மூன்று வாரம் எழுதுகிறார்கள். கூட்டம் சேரவில்லை என்றதும் பேனாவை மூடிவிடுகிறார்கள். கடை திறந்த மூன்றாவது வாரமே லாபம் வரவில்லை என்று கதவைச் சாத்திய வியாபாரி யாராவது இந்தக் கூட்டத்தில் இருக்கிறாரா?

மூன்றாவது இதழைத் தொடங்கும்போது அவர் நான்கு நோக்கங்களை வகுத்துக்கொண்டார். முஸ்லிம் சமுதாயத்தில் சீர்திருத்தம், உருது மொழியின் வளர்ச்சி, குறிப்பாக வங்காளத்தில் இலக்கிய ரசனையைப் பரப்புதல், வெளிவரும் நூல்களை விமர்சித்தல். இந்த நான்கு சரக்கு தான் இங்கே கிடைக்கும் என்று பலகை மாட்டிவிட்டுக் கடையைத் திறந்தார். கவிதையும் வேண்டும், அரசியலும் வேண்டும், சமையல் குறிப்பும் வேண்டும் என்று அவர் அலையவில்லை.

இதழைப் படித்தவர்கள் ஆசிரியர் யாரோ வயது முதிர்ந்த அறிஞர் என்று எண்ணிக்கொண்டார்கள். 1904-ல் லாகூரில் நடந்த அஞ்சுமன் ஹிமாயத்தே இஸ்லாம் ஆண்டு விழாவுக்கு அவர் போனபோது, கவிஞர் ஹாலி போன்ற பெரியவர்கள் மீசை முளைக்காத பையனைப் பார்த்து வியந்து போனார்கள். அல்லாமா ஷிப்லி நுஃமானி முதன்முதலில் சந்தித்தபோது இவரை ஆசிரியரின் மகன் என்று நினைத்துப் பேசினார் என்றும் சொல்லப்படுவதுண்டு. அதே ஷிப்லி தான் 1905-ல் லக்னோவுக்கு அழைத்து 'அந்நத்வா' இதழின் துணை ஆசிரியர் பொறுப்பை இவரிடம் கொடுத்தார். வயதைப் பார்த்து அல்ல, எழுத்தைப் பார்த்துக் கிடைத்த நாற்காலி அது.

தகப்பனார்களே! உங்கள் பயத்துக்கும் இங்கே பதில் இருக்கிறது. பத்திரிகையால் அவர் படிப்பு கெட்டதா? மற்றவர்கள் இருபது, இருபத்தைந்து வயதில் முடிக்கும் பாடத் திட்டத்தை அவர் பதினாறு வயதுக்குள் முடித்தார். சுமார் பதினைந்து மாணவர்களைச் சேர்த்துக் கொடுத்து, நீயே இவர்களுக்குப் பாடம் நடத்து என்று அவருடைய தகப்பனார் சொல்லும் அளவுக்கு முடித்தார். வீட்டில் ஆங்கிலம் கற்றுத் தர ஏற்பாடு இல்லை. எழுத்துகளை மட்டும் ஒருவரிடம் கற்றுக்கொண்டு, பைபிளை பார்சி, உருது மொழிபெயர்ப்புகளோடு வைத்து ஒப்பிட்டுப் படித்தார். பிறகு அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலப் பத்திரிகைகளைப் படித்தார். எழுத விரும்புகிறவன் படித்தே ஆக வேண்டும். படிக்காமல் எழுதுகிறவனின் சரக்கு மூன்றாவது இதழிலேயே தீர்ந்துவிடும்.

ஒரு சிறுமியும் ஒரு தட்டுச் சாப்பாடும்

"அவர் மேதை. நூறு வருடத்துக்கு முந்தையவர். எங்களை அவரோடு ஒப்பிடலாமா?" என்று நீங்கள் கேட்கலாம். சரி. நம் காலத்து உதாரணம் ஒன்றைப் பார்ப்போம். இவர் மேதை அல்ல. நான்காம் வகுப்புப் பிள்ளையின் வயது தான்.

2012-ஆம் ஆண்டு. ஸ்காட்லாந்து நாட்டில் ஒரு சிற்றூர். மார்த்தா பெய்ன் என்ற ஒன்பது வயதுச் சிறுமிக்குப் பத்திரிகையாளராக வேண்டும் என்று ஆசை. எதைப் பற்றி எழுதுவது? உலக அரசியலா? அவளுக்கு என்ன தெரியும்? அவளுக்கு நன்றாகத் தெரிந்தது ஒன்று தான். பள்ளிக்கூடத்தில் மதியம் தட்டில் என்ன விழுகிறது என்பது. அதைத் தினமும் படம் எடுத்தாள். தகப்பனாரின் உதவியோடு அதை உலகத்துக்குக் காட்டினாள்.

அவள் எழுதிய முறையைக் கேளுங்கள். ருசிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண்? ஆரோக்கியத்துக்கு எத்தனை? சாப்பிட்டு முடிக்க எத்தனை வாய்? விலை எவ்வளவு? சாப்பாட்டில் தலைமுடி கிடந்ததா, கிடந்தால் எத்தனை? இவ்வளவு தான்! நிர்வாகம் ஊழல் என்று அவள் எழுதவில்லை. யாரையும் திட்டவில்லை. கண்டதை எண்ணினாள். எண்ணியதை எழுதினாள். சாப்பாடு நன்றாக இருந்த நாளில் நன்றாக இருந்தது என்றும் எழுதினாள்.

என்ன நடந்தது? சில வாரங்களில் உலகமே அந்தத் தட்டைப் பார்த்தது. காய்கறி, பழம், ரொட்டி ஆகியவற்றைப் பிள்ளைகள் வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம் என்று பள்ளியில் அறிவிக்கப்பட்டது. ஜூன் மாதம் உள்ளாட்சி நிர்வாகம் கோபம் கொண்டு, இனிப் படம் எடுக்கக் கூடாது என்று தடை போட்டது. சிறுமி விடை சொல்லி எழுதினாள். மறுநாளே, ஊர் உலகத்தின் கண்டனம் தாங்காமல், நிர்வாகம் தடையை விலக்கிக்கொண்டது.

அவள் தன் எழுத்தின் மூலம் ஒரு தர்மத்துக்கும் பணம் திரட்டிக்கொண்டிருந்தாள். ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் உணவு கொடுக்கும் ஒரு தொண்டு நிறுவனத்துக்காக. ஒரு சமையற்கூடம் கட்ட 7,000 பவுண்டு வேண்டும் என்பது அவள் இலக்கு. தடைக்குப் பிறகு வந்து குவிந்த பணம் 1 லட்சம் பவுண்டைத் தாண்டியது. ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் சமையற்கூடம் எழுந்தது.

அந்தத் தடை ஏன் ஒரு நாள் கூடத் தாங்கவில்லை? அவள் எழுதியதில் ஒரு வரியைக் கூடப் பொய் என்று நிர்வாகத்தால் மெய்ப்பிக்க முடியவில்லை. அவள் ஒரே ஒரு பொய்யை எழுதியிருந்தால்? இல்லாத தலைமுடி ஒன்றை எழுதியிருந்தால்? அந்த ஒரு முடியைப் பிடித்துக்கொண்டு முழு எழுத்தையும் குப்பையில் போட்டிருப்பார்கள்.

கேட்டதா? கண்டதா?

இப்போது நம் பக்கம் வருவோம்.

நான் அறிந்த ஓர் ஊர். கல்லூரி மாணவன் ஒருவன், நல்ல பையன், சமுதாய அக்கறை உள்ளவன், கடைவீதியில் உள்ள ஒரு தேயிலைக் கடையில் சாயம் கலந்த தூள் விற்கிறார்கள் என்று எழுதி அனுப்பினான். பார்த்தானா? இல்லை. கூடப் படிப்பவன் சொன்னான். அவனுக்கு யார் சொன்னது? அவன் மாமா. மாமாவுக்கு? அது யாருக்கும் தெரியாது. ஒரே இரவில் ஊர் முழுவதும் பரவியது. அதிகாரிகள் வந்து மாதிரி எடுத்துப் போனார்கள். கலப்படம் எதுவும் இல்லை என்று முடிவு வந்தது. முடிவு வர எத்தனை நாள் ஆனது? அதற்குள் கடையின் வாடிக்கை போய்விட்டது. பையன் தன் எழுத்தை அழித்துவிட்டான். ஆனால் மற்றவர்கள் எடுத்து வைத்த பிரதிகளை யார் அழிப்பது? அந்தக் கடையில் வேலை பார்த்த இரண்டு பேருக்கு அந்தப் பெருநாளுக்குத் துணி எடுக்கக் கூட வழியில்லாமல் போனது.

பையன் கெட்டவனா? இல்லை. அக்கறை இருந்தது. ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லாத அக்கறை, கடிவாளம் இல்லாத குதிரை. முதலில் தெருவில் போகிறவனைத் தள்ளும். பிறகு மேலே இருப்பவனையும் தள்ளும்.

மதரஸாவில் ஓதிய பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. ஒரு செய்தியைச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார், இருவரும் சந்தித்திருக்க முடியுமா, அவர் நினைவாற்றல் எப்படி, நாணயம் எப்படி என்று சங்கிலி சங்கிலியாகப் பார்க்கும் கலையை ஆண்டுக்கணக்கில் படிக்கிறீர்கள். கிதாபை மூடிவிட்டுச் செல்போனைத் திறந்ததும் அந்தப் பாடம் எங்கே போய்விடுகிறது?

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்யப் பயன்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-ல் ரத்து செய்தது உண்மை தான். அதனால் எதையும் எழுதலாம் என்று எண்ணிவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் அவதூறு இன்றும் குற்றம் தான். இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடம் உண்டு. அச்சிட்டுப் பொதுமக்களுக்கு வெளியிடும் பருவ இதழ் என்றால் பதிவு செய்ய வேண்டும். 1867-ஆம் ஆண்டின் பழைய சட்டம் போய், 2023-ல் நிறைவேறிய புதிய சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. படித்து முடித்து வேலைக்குப் போக வேண்டிய பையன், கேட்ட வதந்தி ஒன்றுக்காக நீதிமன்றப் படி ஏறி இறங்க வேண்டுமா?

உண்மையை எழுதப் பயப்படாதீர்கள். உறுதி செய்யாததை எழுதப் பயப்படுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரிந்தால் பாதி ஆசிரியராகிவிட்டீர்கள்.

எதை எழுதுவது?

"எழுத ஒன்றுமே இல்லையே" என்று சொல்லாதீர்கள். அந்தச் சிறுமிக்கு ஒரு தட்டு போதுமானதாக இருந்தது. உங்கள் தெருவில் ஆயிரம் இருக்கிறது.

ரேஷன் கடை எந்த நாளில் திறந்தது, எந்த நாளில் பலகை தொங்கியது? ஒரு மாதம் தினமும் போய்க் குறித்து வையுங்கள். அது ஒரு கட்டுரை. காலையில் கல்லூரிக்குப் போகும் பேருந்து அட்டவணைப்படி வந்த நாள் எத்தனை? அது ஒரு கட்டுரை. மீன் கடைத் தராசில் செல்லுபடியாகும் முத்திரை இருக்கிறதா? அரசு மருத்துவமனையில் பெண் மருத்துவர் எந்தக் கிழமைகளில் இருக்கிறார்? நம் வீட்டுப் பெண்களுக்கு இதைவிடத் தேவையான செய்தி உண்டா?

கல்வி உதவித்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுபான்மை மாணவர்களுக்கான மத்திய அரசின் பள்ளி உதவித்தொகையை 2022-ல் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள். ஆய்வு மாணவர்களுக்கு மௌலானா ஆசாத் பெயரிலேயே இருந்த தேசிய உதவித்தொகையையும் அதே ஆண்டு நிறுத்திவிட்டார்கள். எது இருக்கிறது, எது போய்விட்டது, எதற்கு என்ன சான்றிதழ் வேண்டும், கடைசித் தேதி என்ன? இதைத் தேடித் தெரிந்து, ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதி, சரியான நேரத்தில் ஒரு மாணவன் கொடுத்தால் எத்தனை வீட்டில் விளக்கு எரியும்!

அலுவலகத்தில் கேட்டால் பதில் சொல்ல மாட்டார்கள் என்பீர்கள். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எதற்கு இருக்கிறது? வெள்ளைத் தாளில் தெளிவாகக் கேள்வி எழுதுங்கள். பத்து ரூபாய் கட்டணம். விரைவுத் தபாலில் அனுப்பிச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். தராவிட்டால் மேல் முறையீடு உண்டு. "பேசிக்கொள்கிறார்கள்" என்று எழுதும் பத்துக் கட்டுரைகளைவிட, முத்திரை குத்தி வந்த ஒரு பதிலை வைத்து எழுதும் ஒரு கட்டுரை வலுவானது.

எண்ணிக்கை என்னும் போதை

அடுத்து, மகன் கேட்ட கேள்விக்கு வருவோம். எத்தனை பேர் படிக்கிறார்கள்?

நடிகர்கள் சண்டையைப் பற்றி எழுதினால் ஆயிரம் பேர் பார்க்கிறார்கள். உதவித்தொகைக் கடைசித் தேதியைப் பற்றி எழுதினால் நாற்பது பேர் தான் பார்க்கிறார்கள். மனம் ஆயிரத்தின் பக்கம் போகும். கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். அந்த ஆயிரம் பேரில் நாளை உங்கள் பெயரை நினைவில் வைத்திருப்பவர் எத்தனை பேர்? அந்த நாற்பது வீட்டில் நான்கு பிள்ளைகளுக்கு உதவித்தொகை கிடைத்தால், அந்த நான்கு தாய்மார்களும் உங்கள் பெயரை மறப்பார்களா?

கடைவீதியில் வேடிக்கை பார்க்கக் கூடும் கூட்டம் வேறு. மாதா மாதம் பற்று வைத்து வாங்கும் வாடிக்கை வேறு. வேடிக்கைக் கூட்டத்தை நம்பிக் கடை வைத்தவர் யாரும் இல்லை.

மௌலானா ஆசாத் 1905-ல் 'லிஸானுஸ் ஸித்க்' நின்ற பிறகு என்ன செய்தார்? லக்னோவில் ஷிப்லியின் கீழ் வேலை கற்றார். அமிர்தசரஸ் போய் 'வகீல்' பத்திரிகையில் பணியாற்றினார். பிறர் நடத்தும் கடையில் தொழில் பழகினார். 1912 ஜூலை 13-ல் தான் கல்கத்தாவிலிருந்து 'அல் ஹிலால்' வார இதழ் வெளிவந்தது. உருது இதழ்கள் பெரும்பாலும் கல்லச்சில் வந்த காலத்தில் அச்செழுத்தில், படங்களோடு வந்தது. புதிதாகச் சந்தா கட்டியவர்கள் எல்லாம் முதல் இதழிலிருந்து வேண்டும் என்று கேட்டதால், முதல் மூன்று மாதத்து இதழ்களை மறுபடியும் அச்சிட வேண்டியிருந்தது. இரண்டு ஆண்டுகளில் வாரம் 26,000 பிரதிகள் என்ற அளவை எட்டியது. உருதுப் பத்திரிகை உலகம் அதுவரை காணாத எண்ணிக்கை!

அந்த 26,000 பிரதிகள் 1912-ல் முளைத்தவையா? அதன் விதை 1899-ல் நின்று போன அந்தச் சிறுவனின் கவிதை இதழில் இருக்கிறது. இடையில் பதிமூன்று ஆண்டு உழைப்பு இருக்கிறது. பதிமூன்று ஆண்டு உழைப்பின் பலனைப் பதிமூன்று நாளில் கேட்கிறார்கள் நம் இளைஞர்கள்!

வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை

கொடுக்கல் வாங்கலில் வாழ்கிறவர்களே! நாணயம் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் ஊரில் ஒரு மாணவன் நேர்மையாக இதழ் நடத்தினால் உங்களுக்குத் தான் லாபம். வதந்தியால் முதலில் அடி வாங்குவது கடைவீதி. தேயிலைக் கடையின் கதையைக் கேட்டீர்கள் அல்லவா? சரிபார்த்து எழுதும் ஒரு பிள்ளை ஊரில் இருந்தால், பொய் கிளம்பும்போது "அந்தப் பையன் எழுதினானா?" என்று மக்கள் கேட்பார்கள். "இல்லை" என்றால் பாதிப் பொய் அங்கேயே செத்துவிடும்.

ஆகவே அவனுக்கு விளம்பரம் கொடுங்கள். நன்கொடையாக அல்ல, விளம்பரமாகக் கொடுங்கள். பணத்துக்குச் சீட்டு கேட்டு வாங்குங்கள். அப்போது தான் அவனுக்குக் கணக்கு எழுதும் பழக்கம் வரும். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று ஆண்டுக்கு ஒரு முறையாவது அவன் தன் இதழிலேயே வெளியிட வேண்டும். வெளியிட மறுத்தால் விளம்பரத்தை நிறுத்துங்கள்.

ஆனால் ஒன்று. விளம்பரம் கொடுத்துவிட்டேன், ஆகவே என் கடைத் தராசைப் பற்றி எழுதாதே என்று சொல்லாதீர்கள். அன்றைக்கு வெள்ளைக்காரன் அதைத் தான் வேறு விதமாகச் செய்தான். 'அல் ஹிலால்' இதழுக்கு 2,000 ரூபாய் ஜாமீன் கட்டு என்றான். பறிமுதல் செய்தான். பிறகு 10,000 ரூபாய் கட்டு என்றான். அதையும் பறித்தான். 1914-ல் இதழ் நின்றது. 1915-ல் 'அல் பலாக்' என்று வேறு பெயரில் வந்தது. 1916-ல் ஆசிரியரையே வங்காளத்தை விட்டு வெளியேற்றினான். 1919 முடியும் வரை ராஞ்சியில் காவலில் வைத்தான். பணத்தைக் காட்டி எழுத்தை மடக்க வல்லரசாலேயே முடியவில்லை. நாம் ஒரு கால் பக்க விளம்பரத்தைக் காட்டி ஒரு மாணவனின் நேர்மையை விலைக்குக் கேட்கலாமா? கேட்டால் நஷ்டம் அவனுக்கு மட்டுமா? நாளை உங்கள் மீது பொய் வரும்போது, விலை போன பையனின் சாட்சியை யார் நம்புவார்?

மாணவர்களே, இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்

இதழ் கையெழுத்தில் வரட்டும். ஜெராக்ஸில் வரட்டும். செல்போனில் வரட்டும். வழி மாறலாம். முறை மாறாது.

ஒரு சரக்கைத் தேர்ந்தெடுங்கள். உங்களுக்கு நேரடியாகத் தெரிந்த, உங்கள் கால் போய்ப் பார்க்கக் கூடிய ஒன்று.

ஒரு தேதியைச் சொல்லுங்கள். தினமும் வேண்டாம். மாதம் ஒரு முறை போதும். ஆனால் ஒன்றாம் தேதி என்றால் ஒன்றாம் தேதி. தேர்வு வரும் மாதத்தில், இந்த மாதம் இதழ் வராது, அடுத்த மாதம் வரும் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் பாடத்தைப் படியுங்கள். சொல்லிவிட்டு மூடிய கடைக்கு வாடிக்கை திரும்ப வரும். சொல்லாமல் மூடிய கடைக்கு வராது.

தனியாக வெளியிடாதீர்கள். நீங்கள் எழுதியதை இன்னொருவர் படிக்கட்டும். பாராட்டுகிற நண்பன் வேண்டாம். குறை சொல்கிற ஒருவரைத் தேடுங்கள். யாரைப் பற்றி எழுதுகிறீர்களோ அவரிடம் போய், இப்படி எழுதப் போகிறேன், உங்கள் பதில் என்ன என்று கேளுங்கள். அவர் பதிலையும் சேர்த்து வெளியிடுங்கள். தேயிலைக் கடைக்காரரிடம் அந்தப் பையன் இப்படி ஒரு முறை போய்க் கேட்டிருந்தால் அந்தக் கதையே நடந்திருக்காது.

தவறு வந்துவிட்டால் மறைக்காதீர்கள். தவறு வந்த அதே இடத்தில், அதே அளவு எழுத்தில், இது தவறு, சரியானது இது என்று போடுங்கள். கெட்ட சரக்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் கடைக்குத் தான் ஊரில் மதிப்பு.

பிறர் எழுத்தை எடுத்து உங்கள் பெயரில் போடாதீர்கள். அது திருட்டு. எங்கே எடுத்தீர்கள் என்று சொல்லிவிட்டால் அது படிப்பு.

பெண் பிள்ளைகளையும் எழுத விடுங்கள். தட்டைப் படம் எடுத்து உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது ஒரு பெண் பிள்ளை தான். பெண்கள் கல்லூரி விடுதியின் தண்ணீர்ப் பிரச்சனையை அங்கே தங்கிப் படிப்பவளைவிட யார் சரியாக எழுத முடியும்?

கடைசியாக, பெயரைப் போடுங்கள். பெயர் இல்லாமல் எழுதுவது இருட்டில் கல் எறிவதைப் போன்றது. கல் யார் மேல் விழுந்தது என்று எறிந்தவனுக்கும் தெரியாது. உங்கள் பெயரை, உங்கள் தகப்பனாரின் பெயரை நினைத்துக்கொண்டு எழுதினால் பேனா தானாக நிதானிக்கும்.

இந்தச் சமுதாயத்தைப் பற்றி யார் யாரோ எழுதுகிறார்கள். தவறாக எழுதுகிறார்கள் என்று நாம் வருத்தப்படுகிறோம். வருத்தப்பட்டுப் பயன் இல்லை. சரியாக எழுத நம்மிடம் ஆள் வேண்டும். அந்த ஆள் நாற்பது வயதில் திடீரென்று பிறக்க மாட்டான். பதினைந்து வயதில், தன் தெருவின் ரேஷன் கடையை எண்ணி எழுதத் தொடங்கிய பிள்ளை தான் நாற்பது வயதில் நாட்டைப் பற்றி எழுதுவான். அவன் எழுதினால் எதிரியும் நம்புவான்.

வரும் மாதம் ஒன்றாம் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஒரு சரக்கைத் தேர்ந்தெடுங்கள். போய்ப் பாருங்கள். எண்ணுங்கள். எழுதுங்கள். பெரியவர்களே, அந்த முதல் பிரதியை நீங்கள் காசு கொடுத்து வாங்குங்கள். வாங்கியதோடு விட்டுவிடாமல் படித்துவிட்டு, எங்கே தவறு என்று அவனைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.